மீன் துண்டை எடுத்துவிட்டு மாத்திரையை வைப்பதா?





பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் வாசித்தால் இன்னும் நல்லது.

கொஞ்சக் காலமாக எமது பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்யாணக் காலம் வந்தால் கூடும். பெருநாளுக்கு முன்னரும் கூடும். சாராம்சம் இதுதான்: சோற்றை விடுங்கள், மீனையும் இறைச்சியையும் விடுங்கள். காலையில் மூன்று அமினோ மாத்திரை, இரவில் மூன்று. உடம்புக்குத் தேவையான புரதம் முழுக்க அதற்குள் இருக்கிறது. கொழுப்பு இல்லை, கலோரி இல்லை, பக்கவிளைவு இல்லை. எடை மட்டும் குறையும்.

சில இடங்களில் மாத்திரைக்குப் பதிலாகத் தூள். ஜிம் போகும் தம்பிமாருக்கு அது பீசீஏஏ என்ற பெயரில் வருகிறது. பெண்களுக்குக் கொலாஜன் என்ற பெயரில் வருகிறது. பெயர் எதுவானாலும் சொல்லப்படும் சேதி ஒன்றுதான்: "சாப்பாட்டுப் புரதத்துக்குப் பதில் இது போதும்."

நாம் வைத்தியர்கள் அல்ல, ஆசிரியர்கள். ஆனால் இந்த விஷயத்தை விளங்கிக்கொள்ளப் பாடசாலை விஞ்ஞானமும் ஒரு வகுத்தல் கணக்கும் போதும். அதனால்தான் எழுதுகிறோம். எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எடையைக் குறைக்க நினைப்பது நல்ல விஷயம். சீனி வருத்தமும் பிரஷரும் வீட்டுக்கு வீடு இருக்கும் காலத்தில் அது தேவையும்கூட. ஆனால் எடை குறைக்கும் காலத்தில் எமது தட்டிலிருந்து எடுக்கவே கூடாத சாமான் ஒன்று இருக்கிறதென்றால், அது புரத உணவுதான். விளம்பரம் முதலில் எடுக்கச் சொல்வதும் அதையேதான்.

*ஏன் புரதத்தை எடுக்கக் கூடாது?*

நாம் சாப்பாட்டைக் குறைக்கும்போது உடம்பு தன் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. அந்தச் சேமிப்பு கொழுப்பு மட்டும் அல்ல. தசையையும் உடம்பு உடைத்து எரிக்கும். தராசு இரண்டையும் பிரித்துக் காட்டாது. ஐந்து கிலோ குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அதில் எத்தனை கிலோ கொழுப்பு, எத்தனை கிலோ தசை, எவ்வளவு வெறும் தண்ணீர் என்று சொல்லாது.

தசை போனால் என்ன? மாடிப்படி ஏறக் கால் நடுங்கும். வயதானவர் விழுந்தால் எழும்ப மாட்டார். உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தியும் குறைந்துவிடும். பிறகு பழையபடி சாப்பிடத் தொடங்கினால், போன எடை முன்னரை விடச் சுலபமாகத் திரும்பி வரும். வருவதில் பெரும்பகுதி தசையாக வராது, கொழுப்பாகவே வரும். அத்தோடு இரண்டு மூன்று மாதத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டத் தொடங்கும். அதற்கென்று இன்னொரு போத்தல் வாங்க வேண்டி வரும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தசைக்கு வேலை கொடுப்பது. இரண்டு, போதிய புரதம் சாப்பிடுவது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகள் 2007ல் வெளியிட்ட அளவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 50 கிராம். சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கும் காலத்தில் இதைவிடக் கூடுதலாக, கிலோவுக்கு 1.2 கிராமோ அதற்கு மேலோ சாப்பிடச் சொல்லும் போசணை நிபுணர்கள் பலர். அதாவது 60 கிலோக்காரருக்கு 70 கிராம் அளவில்.

இந்த எண்களை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு போத்தலைக் கையில் எடுப்போம்.

*வகுத்தல் கணக்கு*

ஒரு அமினோ மாத்திரையின் எடை பெரும்பாலும் ஒரு கிராம் அளவில்தான் இருக்கும். ஆறு மாத்திரை என்றால் ஆறு கிராம். ஒரு கோழி முட்டையில் இருக்கும் புரதமும் கிட்டத்தட்ட ஆறு கிராம்தான். 50 கிராம் தேவைப்படும் இடத்தில் ஆறு கிராம் வருகிறது. எட்டில் ஒரு பங்கு.

விற்பவர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். "இது சும்மா புரதம் இல்லை, அத்தியாவசிய அமினோ அமிலம் மட்டும். அதனால் கொஞ்சம் போதும்." இந்தப் பதிலில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. அதையும் நியாயமாகப் பார்ப்போம்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களால் கோர்க்கப்பட்ட மாலை. அதில் 9 வகையை எமது உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அவைதான் அத்தியாவசியமானவை. மற்ற 11ஐ உடம்பே செய்துகொள்ளும். அந்த 2007 அறிக்கையின்படி, வளர்ந்த ஒருவருக்கு இந்த ஒன்பதும் சேர்த்து ஒரு கிலோ எடைக்கு 184 மில்லிகிராம் தேவை. 60 கிலோக்காரருக்கு 11 கிராம். அப்படிப் பார்த்தாலும் ஆறு மாத்திரை பாதிக்குத்தான் வருகிறது.

மற்ற 11 வகையை உடம்பு செய்துகொள்ளும்தான். ஆனால் வெறுங்கையால் செய்யாது. அதற்கு நைதரசன் வேண்டும். அதுவும் சாப்பாட்டுப் புரதத்திலிருந்தே வர வேண்டும். அது வராவிட்டால், வந்த அத்தியாவசிய அமிலங்களையே உடைத்து எடுக்கும். இன்னொன்றும் நடக்கும். பசியில் இருக்கும் உடம்புக்குச் சக்தி வேண்டும். சோறும் இல்லை, கொழுப்பும் இல்லையென்றால், உள்ளே வரும் விலைகூடிய அமினோ அமிலத்தையும் விறகு போல எரித்துவிடும். வீடு கட்ட வாங்கிய தேக்கு மரத்தை அடுப்பில் வைத்த கதைதான்.

"கலோரி இல்லை" என்பதும் சரியில்லை. புரதம் ஒரு கிராம் ஏறக்குறைய 4 கலோரி தரும். அமினோ அமிலங்களும் அதே அளவில்தான். ஆறு மாத்திரையில் கலோரி குறைவாக இருப்பதற்குக் காரணம் அதில் எதுவுமே அதிகமாக இல்லாததுதான்.

இனி காசுக் கணக்கு. 120 மாத்திரைப் போத்தல் ஒன்று பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஆறு என்றால் இருபது நாளில் முடியும். போத்தல் முழுக்க 120 கிராம். அதே பத்தாயிரத்துக்கு, முட்டை ஒன்று ஐம்பது ரூபாய் என்று வைத்தால்கூட 200 முட்டை. புரதம் 1,200 கிராம். பத்து மடங்கு. விலை கூடிக் குறையட்டும். உங்கள் கையில் இருக்கும் போத்தலின் விலையை வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். பருப்பையும் கௌபியையும் வைத்து வகுத்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

*மூன்று எழுத்தை வைத்துப் பாடம் எழுத முடியுமா?*

ஜிம் போகும் தம்பிமார் இந்தப் பகுதியைக் கவனியுங்கள்.

பீசீஏஏ என்பது லியூசின், ஐசோலியூசின், வலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் மட்டும். ஒன்பதில் மூன்று. இவற்றில் லியூசின் தசையைக் கட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லி உடம்புக்குச் சைகை கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் சைகை வேறு, சாமான் வேறு. மேசன் பாஸை வரச் சொல்லிவிட்டுக் கல்லும் மண்ணும் சீமெந்தும் இறக்காமல் விட்டால் சுவர் எழும்பாது.

ஒரு பிள்ளைக்கு மூன்று எழுத்தை மட்டும் கொடுத்துப் பாடம் எழுதச் சொன்னால் என்ன செய்யும்? மற்ற எழுத்துகளைத் தன் பழைய கொப்பியிலிருந்து வெட்டி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். உடம்பும் அப்படித்தான் செய்கிறது. மீதி ஆறையும் இருக்கும் தசையை உடைத்து எடுக்கிறது. 2017ல் ரொபர்ட் வுல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இது பற்றி எழுதிய கட்டுரை பலராலும் பேசப்பட்டது. பீசீஏஏ மட்டும் எடுப்பதால் தசை வளரும் என்பதற்கு மனிதர்களில் போதிய சான்று இல்லை என்பதே அவரது முடிவு.

கொலாஜன் கதையும் இதுதான். அது தோல், எலும்பு, சவ்வு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் புரதம். அதில் திரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அறவே இல்லை. தோலுக்கென்று யாராவது குடித்தால் அது அவர்கள் விருப்பம். ஆனால் அதையே சாப்பாட்டுப் புரதத்துக்குப் பதிலாக எண்ணிவிடக் கூடாது.

"மாத்திரை நேரடியாக இரத்தத்தில் சேரும், சாப்பாடு செரிக்கப் பல மணி நேரம்" என்றும் சொல்கிறார்கள். சேருவது வேகம்தான். ஆனால் வேகம் யாருக்கு வேண்டும்? அவித்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் நல்ல குடல் செரித்து எடுத்துவிடும். மெதுவாகச் செரிப்பதுதான் எடை குறைப்பவருக்கு நன்மை. மீனும் பருப்பும் சாப்பிட்டால் வயிறு மணிக்கணக்கில் நிறைந்து நிற்கும். ஆறு மாத்திரை விழுங்கினால் பத்து மணிக்கே பசி வந்து ரோல்ஸையும் பெட்டிஸையும் தேட வைக்கும்.

மீன் துண்டில் புரதம் மட்டுமா இருக்கிறது? இரும்பு, துத்தநாகம், அயடீன், பீ12 விற்றமின் எல்லாம் சேர்ந்து வருகின்றன. முள்ளோடு சாப்பிடும் நெத்தலியில் கல்சியம் வருகிறது. இரத்தச்சோகையோடு இருக்கும் எமது பெண்பிள்ளைகள் மீனையும் இறைச்சியையும் விட்டுவிட்டு அமினோ மாத்திரையை விழுங்கினால் இரும்புக்கு எங்கே போவார்கள்?

*இது முன்னரும் நடந்திருக்கிறது*

சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் புரதச் சத்தை மட்டும் குடிக்கும் யோசனை புதியது அல்ல. 1976ல் அமெரிக்காவில் ரொபர்ட் லின் என்ற வைத்தியர் ஒரு புத்தகம் வெளியிட்டார். சாப்பாடு வேண்டாம், திரவப் புரதம் மட்டும் குடியுங்கள் என்பது அவரது முறை. நாளொன்றுக்கு 400 கலோரிக்கும் குறைவு. அந்தத் திரவம் மாட்டுத் தோல், சவ்வு, எலும்பு போன்ற கழிவுகளை உடைத்துச் செய்தது. அதாவது இன்றைய கொலாஜனின் மூத்த காக்கா. இலட்சக்கணக்கானவர்கள் குடித்தார்கள். எடையும் வேகமாகக் குறைந்தது.

பிறகு மரணங்கள் வரத் தொடங்கின. 1977, 1978 காலத்தில் இந்த முறையோடு தொடர்புபட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்களை அமெரிக்க சுகாதார அதிகாரிகள் விசாரித்தார்கள். முன்னர் இதய வருத்தம் எதுவும் இல்லாதவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கு கெட்டு, திடீரென்று நின்றுபோயிருந்தது. இதயமும் ஒரு தசைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தரம் குறைந்த புரதம், மிகக் குறைந்த கலோரி, பொட்டாசியம் போன்ற கனியுப்புகளின் குறைவு எல்லாம் சேர்ந்தால் கை கால் தசையோடு மட்டும் அது நிற்காது.

இன்னொரு சம்பவம் 1989ல். திரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை நித்திரைக்கும் எடை குறைப்புக்கும் என்று அமெரிக்காவில் கடைகளில் தாராளமாக விற்றார்கள். ஜப்பானில் ஒரு கம்பனி செய்த சரக்கோடு தொடர்புபட்டு 1,500க்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான தசைவலி நோய் வந்தது. 37 பேரளவில் இறந்தார்கள். தயாரிப்பில் கலந்த அசுத்தமே காரணம் என்று பெரும்பாலும் கருதப்பட்டது.

பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. தரமான அமினோ மாத்திரை ஒன்றிரண்டை விழுங்குவதால் ஆரோக்கியமான ஒருவர் விழுந்துவிடப் போவதில்லை. வைத்தியசாலையில் சாப்பிட முடியாத நோயாளிக்கு அமினோ அமிலத்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். சில பரம்பரை நோய்களுடன் பிறக்கும் குழந்தைகள் அப்படியான விசேட பால்மாவில்தான் உயிர் வாழ்கிறார்கள். அது மருந்து. வைத்தியர் அளந்து, இரத்தம் சோதித்து, கண்காணித்துக் கொடுப்பது. வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்துத் தரும் போத்தலோடு அதை ஒப்பிட முடியாது.

*லேபலையும் கொஞ்சம் பாருங்கள்*

புரதத்தின் அளவைச் சோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. பொருளில் இருக்கும் நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். அது உண்மையான புரதத்தின் நைதரசனா, வேறு எதனுடையதா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2008ல் சீனாவில் பால்மாவில் மெலமின் கலந்ததும் இந்த ஓட்டையைப் பாவித்துத்தான். ஆறு குழந்தைகள் இறந்தார்கள், ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அந்தளவுக்கு நச்சு இல்லாவிட்டாலும், கிளைசின், டோரின் போன்ற மலிவான அமினோ சாமான்களைக் கலந்து புரத எண்ணைக் கூட்டிக் காட்டும் வேலை புரதத்தூள் வியாபாரத்தில் நடந்திருக்கிறது.

ஆகவே லேபலில் எந்த அமினோ அமிலம் எத்தனை கிராம் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "அமினோ கலவை" என்று மொத்தமாக எழுதியிருந்தால் உள்ளே என்ன என்று வாங்குபவருக்குத் தெரியாது. இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும் இல்லாத போத்தலை வாங்கவே வேண்டாம்.

நாம் முஸ்லிம்கள். இன்னொன்றையும் கேட்க வேண்டும். கப்சியூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது எந்த மிருகத்துடையது? கொலாஜன் மாடா, மீனா, பன்றியா? அமினோ அமிலங்கள் பல இன்று நொதித்தல் முறையில் செய்யப்படுகின்றன. ஆனால் சிஸ்டீன் போன்றவை இறகிலிருந்தும் மயிரிலிருந்தும் எடுக்கப்படுவதும் உண்டு. ஒரு பிஸ்கட் பக்கற்றைத் திருப்பித் திருப்பி ஹலால் இலச்சினை தேடும் நாம், நாளைக்கு ஆறு தடவை விழுங்கும் சாமானில் அதைத் தேடாமல் விடுவது எப்படி?

*இனித்தான் எமது வீட்டு விஷயம்*

இவ்வளவும் மாத்திரையைப் பற்றி. ஆனால் மாத்திரை ஏன் எமது வீடுகளில் இவ்வளவு சுலபமாக நுழைகிறது என்பதையும் பேச வேண்டும். இந்தப் பதிவை எழுதியதே அதற்காகத்தான்.

எமது வீடுகளில் மீன் துண்டு எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். நடுத்துண்டு வாப்பாவுக்கு. அடுத்தது ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு. பிறகு பொம்பிளைப் பிள்ளைகளுக்கு. எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு உம்மா உட்கார்வார். அவருக்குச் சட்டியில் மிஞ்சுவது தலையும் வாலும் ஆணமும். ஆணத்தில் சோற்றைக் குழைத்து, பசி அடங்குவதற்காக இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுக்கொள்வார். பின்னேரம் சீனி போட்ட பிளேன்டீயும் பிள்ளை மிச்சம் வைத்த பணிஸும்.

2022 நெருக்கடிக் காலத்தில் மீனும் முட்டையும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது முதலில் தன் பங்கை விட்டவரும் அவர்தான். அப்போது விட்டதை இன்னும் திருப்பி எடுக்காத உம்மாமார் எத்தனையோ பேர்.

வருடக்கணக்கில் இப்படிச் சாப்பிட்டால் என்ன நடக்கும்? எடை கூடும். ஆனால் அந்த உடம்பில் தசை குறைந்திருக்கும், இரத்தம் குறைந்திருக்கும், முழங்கால் வலிக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் "நல்லாச் சாப்பிடுகிற" மனுஷி. உண்மையில் சோறும் சீனியும் கூடிப் புரதம் குறைந்த மனுஷி. அப்படிப்பட்ட ஒருவரிடம் வந்து, "நீங்கள் மீனை விட்டுவிட்டு இந்த மாத்திரையைப் பாவியுங்கள்" என்று சொல்கிறார்கள். இல்லாத மீனை எப்படி விடுவது?

அவருக்குத் தேவை போத்தல் அல்ல, சட்டியில் அவருக்கென்று எடுத்து வைக்கப்பட்ட ஒரு துண்டு. அதை எடுத்து வைக்க வேண்டியது அவர் அல்ல. அவர் வைக்க மாட்டார். வாப்பாமாரும் பிள்ளைகளும்தான் வைக்க வேண்டும்.

கல்யாணப் பெண்களின் கதை வேறு. "நாலு மாசத்தில் வலீமா, பத்துக் கிலோ குறைக்க வேணும்" என்று பேசும் சூழலை உருவாக்கியவர்கள் நாமே. பெண் பார்க்கப் போய் எடையைப் பற்றிக் கதைப்பதும், பந்தியில் "புள்ள கொஞ்சம் தடிப்பு" என்று சொல்வதும் நாமே. அந்தப் பிள்ளை பயத்தில் எந்தப் போத்தலையும் வாங்கும். பிறகு கலர் செத்து, முடி கொட்டி, தலைசுற்றி நிற்கும்போது "ஏன் மகள் இப்படி?" என்று கேட்பதும் நாமே. அந்தப் பேச்சு நின்றால் போத்தல் வியாபாரமும் பாதி படுத்துவிடும்.

*அப்படியென்றால் என்ன சாப்பிடுவது?*

எமது சாப்பாட்டிலேயே விடை இருக்கிறது. ஒரு நாளைக்கு இப்படிக் கணக்குப் பாருங்கள்.

இரண்டு முட்டை: 12 கிராம் புரதம்.
100 கிராம் மீன் அல்லது தோல் நீக்கிய கோழி: ஏறக்குறைய 20 கிராம்.
50 கிராம் மைசூர்ப் பருப்பு, சமைக்காமல் அளந்தது: 12 கிராம்.
50 கிராம் கௌபி அல்லது கடலை, ஊற வைக்க முன் அளந்தது: 10, 11 கிராம்.
150 கிராம் அரிசி, மூன்று வேளைக்கும் சேர்த்து: 10 கிராம்.
ஒரு சிறு கோப்பை தயிர்: 4 கிராம்.

கூட்டினால் 70 கிராமை நெருங்கும். தேங்காய்ப்பாலையும் எண்ணெயையும் அளவாகப் பாவித்து, சீனியை விட்டு, கீரைச் சுண்டலும் மரக்கறியும் தாராளமாகச் சேர்த்தால், நடந்து திரியும் ஒருவருக்கு எடை மெதுவாகக் குறையும் சாப்பாடு இது. சோற்றை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. தட்டில் சோற்றின் பங்கு குறைந்து, ஆணத்துக்குள் இருக்கும் சாமானின் பங்கு கூட வேண்டும்.

மீனும் முட்டையும் வாங்க வசதி குறைந்த வீடுகளுக்கும் வழி இருக்கிறது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவில் சோளமும் சோயாவும் சேர்ந்திருப்பதும் இதே கணக்கில்தான். எமது மூத்தம்மாமார் அமினோ அமிலம் என்ற பெயரையே கேட்டதில்லை. ஆனால் சோறும் பருப்பும் ஒரு கைப்பிடி நெத்தலியும் வைத்து அந்தக் கணக்கைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

நோன்பு காலத்தில் எடை குறைக்க நினைப்பவர்கள் சஹரில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுக்க வேண்டாம். ஒரு முட்டையோ கொஞ்சம் பருப்போ தயிரோ உள்ளே போகட்டும். குறைக்க வேண்டிய இடம் இப்தாருக்குப் பிறகு வரும் பொரியலும் சர்பத்தும்தான்.

*இவர்கள் கட்டாயம் வைத்தியரைக் கேளுங்கள்*

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். மேலே சொன்ன 70 கிராம் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பாடசாலைப் பிள்ளைகள், மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் தாமாக எந்த அமினோ மாத்திரையும் தொடங்கக் கூடாது.

இதற்குக் காசு கொடுத்து யாரையும் தேட வேண்டியதில்லை. அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன. பிரஷர், சீனி, எடை எல்லாம் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். எம்.ஓ.எச். பணிமனையிலும் கேட்கலாம். போலியான போத்தல், காலாவதியான போத்தல் என்று சந்தேகம் வந்தால் ஊர் பீ.எச்.ஐ. இருக்கிறார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கமும் இருக்கிறது.

*விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை*

இந்தப் போத்தல்களை விற்கும் பலர் எமது ஊர்ப் பிள்ளைகள். வீட்டிலிருந்தபடி நாலு காசு உழைக்க நினைக்கும் சகோதரிமாரும் அதில் இருக்கிறார்கள். உங்களோடு எமக்குக் கோபம் இல்லை. உழைப்பது நல்லது. ஆனால் "இது சாப்பாட்டுக்குப் பதில்" என்ற ஒரு வசனத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தராசில் குறைத்துப் போட்டால் அது மோசடி என்று எமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆறு கிராமைக் கொடுத்துவிட்டு ஐம்பது கிராம் என்று சொல்வதும் தராசு விஷயம்தான். அந்த வசனத்தை நம்பி ஒரு சீனி வருத்தக்காரர் சாப்பாட்டை நிறுத்தி விழுந்தால், அந்தப் பொறுப்பை உங்களுக்கு மேலே இருந்து போத்தல் அனுப்பியவர் ஏற்க வர மாட்டார்.

கடைசியாக, இந்தக் கிழமை எல்லோரும் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை. இன்று பகல் சோற்றுக்கு உட்காரும்போது, உம்மாவோ மனைவியோ தனக்கென்று என்ன எடுத்து வைத்திருக்கிறார் என்று சட்டியைத் திறந்து பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் உங்கள் தட்டிலிருந்து பாதியை எடுத்து வையுங்கள். நாளை முதல் அவரையும் கூட்டிக்கொண்டு ஒன்றாக உட்காருங்கள்.

உங்கள் அனுபவங்களையும் மாற்றுக் கருத்துகளையும் கீழே எழுதுங்கள். வைத்தியர்களும் போசணைத் துறை சார்ந்தவர்களும் எமது ஊர்ப் பக்கங்களில் இருக்கிறீர்கள். கூட்டவோ திருத்தவோ ஏதும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். வியாபாரப் பெயர்களை மட்டும் போட வேண்டாம். பிரச்சினை ஒரு கம்பனியோடு அல்ல.

அல்லாஹ் எம் எல்லோருக்கும் ஆரோக்கியமான நீண்ட ஆயுளைத் தருவானாக.

வஸ்ஸலாம்.